பவுண்டரிக்கு ஓர் ஈடு

உலகக் கோப்பை அட்டவணை போட்டவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். புரட்டியிருந்தால் 2023 நவம்பர் 19 அன்று இறுதிப் போட்டியை வைத்திருப்பார்களா? அன்றைக்குக் கார்த்திகை மூணு. முதல் தேதி வெள்ளிக்கிழமையே எங்கள் தெருவில் பாதிப் பேர் கழுத்தில் மாலை ஏறிவிட்டது. ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் திருப்பரங்குன்றத்தில் சூரசம்ஹாரம். மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைப் பக்கம் போக ஆள் குறைச்சல் என்றால் அது அந்த ஞாயிறுதான். அன்றைக்குப் பார்த்துத்தான், "மேட்ச் பாக்க எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்கப்பா" என்று நான் வாய் விட்டிருந்தேன். இந்தியா வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்திருந்த தெம்பு.

பன்னிரண்டு பேர். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மெனு எழுதினேன்: கோலா உருண்டை, மட்டன் சுக்கா, பன் பரோட்டா, முடிவில் ஜிகர்தண்டா. மனைவி வாங்கிப் பார்த்தாள். "இதுல வீட்ல செய்யறது எது?"

"ஜிகர்தண்டா. மத்ததெல்லாம் பார்சல்."

இதைவிட லேசான மெனு உண்டா? அவள் பதில் சொல்லாமல் தாளைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'கார்த்திகை 1'. அதே நேரம் அவள் தம்பி போன் செய்தான். "மாமா, மாலை போட்டுட்டேன். என்கூட ரெண்டு சாமி வர்றாங்க. அதுல ஒரு சாமிக்கு வெங்காயம் ஆகாது." எனக்கு மூவாயிரம் ரூபாய் தர வேண்டிய மாப்பிள்ளை, இன்னும் ஒரு மண்டலத்துக்குச் சாமி. சாமியிடம் எப்படிக் கடனைக் கேட்பது?

ஜிகர்தண்டாவை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மனைவி அடித்தாள். பதிலுக்கு முள்ளு முருங்கை வடை, வாழைக்காய் பஜ்ஜி, தட்டாம்பயறு சுண்டல், ராத்திரிக்கு எலுமிச்சை சாதம். எல்லாம் சூடாகப் போக வேண்டும் என்பதற்காக நான் ஒரு திட்டம் சொன்னேன். இந்தியா ஒரு ஃபோர் அடித்தால் சட்டியிலிருந்து ஓர் ஈடு வெளியே வரும். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜிகர்தண்டா என் பொறுப்பு. நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் பாதாம் பிசின் கேட்டேன். "எத்தனை பேருக்குண்ணே?" என்றார் கடைக்காரர். பன்னிரண்டு என்றேன். "ரெண்டு ஸ்பூன் போதும்ணே." ஒரு வியாபாரி குறைத்து வாங்கச் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான். நூறு கிராமையும் வாங்கி, சனிக்கிழமை ராத்திரி ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரில் மொத்தத்தையும் போட்டு மூடி வைத்தேன். கற்கண்டை உடைத்த மாதிரி அடியில் ஒரு கைப்பிடி கிடந்தது, பாவமாக இருந்தது.

காலையில் மூடி தரையில் கிடந்தது. தண்ணீரைக் காணோம். நொறுங்கின கண்ணாடி மாதிரி ஒன்று பாத்திரத்தை நிறைத்து, விளிம்பைத் தாண்டி மேடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குண்டானுக்கு மாற்றித் தண்ணீர் ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டுக் குண்டானையும் நிறைத்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஏப்பா, இது உயிரோட இருக்கா?"

இரண்டு மணிக்கு ஆட்டம். ஏழாவது ஓவரில் ஸ்டார்க் பந்தில் கோலி வரிசையாக மூன்று ஃபோர் அடித்தார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "இருக்கறது ஒரு சட்டி. அந்தத் தம்பியக் கொஞ்சம் பைய அடிக்கச் சொல்லுங்க." ரோஹித் 31 பந்தில் 47. பஜ்ஜியும் அதே வேகத்தில் போயிற்று. பிறகு டிராவிஸ் ஹெட் பின்னாலேயே ஓடிப்போய் ரோஹித்தைப் பிடித்தார். அத்தோடு எங்கள் பந்தியும் நின்றது.

பத்து ஓவருக்கு அப்புறம் மிச்ச நாற்பது ஓவரில் மொத்தமே நாலு ஃபோர். அதில் முதலாவது வருவதற்குள் 97 பந்து போய்விட்டது. ராகுல் 107 பந்து ஆடி ஒரே ஒரு ஃபோர் அடித்தார். அரைத்த மாவு சட்டியோரம் காத்துக் கிடந்தது. திட்டத்தை மாற்றலாமே என்றால், மாற்றினால் ராசி போய்விடும் என்று சித்தப்பா தடுத்துவிட்டார். ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்து முடித்த அத்தை, "விரதத்துல கூட இப்படிப் பசிக்கலப்பா" என்றார். மனைவி மட்டும் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, "ராகுல் நல்ல பிள்ளை" என்றாள். அஷ்வினை ஏன் எடுக்கவில்லை என்று தொடங்கிய பேச்சு, பசியினால் வழக்கத்தைவிடச் சூடாக நடந்தது. இந்தியா 240க்கு ஆல் அவுட்.

ஆஸ்திரேலியா 47க்கு மூன்று விக்கெட் இழந்தபோது மனைவி அடுப்படியில் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். தட்டோடு வெளியே வந்தாள், ஹெட் அடிக்க ஆரம்பித்தார். "மதினி, நீங்க உள்ளயே இருங்க" என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். அவள் சொன்ன பதிலை எழுத முடியாது. ஹெட் 137. நாற்பத்து மூணு ஓவரிலேயே முடிந்தது.

எலுமிச்சை சாதத்தை யாரும் தொடவில்லை. ஜிகர்தண்டாவையாவது கொடுத்தேன், டம்ளரில் முக்கால்வாசி பிசின், மேலே கொஞ்சம் பாலும் நன்னாரியும். "சூட்டைத் தணிக்கும்" என்றேன். வெங்காயம் ஆகாத சாமி "சாமியே சரணம்" என்று கண்ணை மூடி இறக்கிவிட்டு இரண்டு தும்மல் போட்டார். மற்றவர்கள் "பசியே இல்லண்ணே" என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

நான் கொஞ்ச நேரம் கழித்து, பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முக்குக் கடையில் கொத்து பரோட்டாச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. உள்ளே ஒரே பெஞ்சில் சித்தப்பாவும், பசியே இல்லாத இரண்டு பேரும், எண்ணெய்ப் பலகாரமே கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாகப் பஜ்ஜியை மறுத்த மாடிவீட்டுக்காரரும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இலையில் சுக்கா இருந்தது. மாடிவீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

"வீட்ல பால் இல்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.