ஃபில் பொய்யாமை: ஒரு நிழலை முன்வைத்து

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பங்க்சுடானி என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஆறாயிரத்துக்கும் குறைவு. ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் நாள் விடியற்காலையில், அவ்வூரை அடுத்த கோப்ளர்ஸ் நாப் என்னும் மேட்டில் ஊர்த்தொகையை விஞ்சிய கூட்டம் கூடி நிற்கும். உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் அணிந்த பெரியவர்கள் ஓர் அடிமரத்தின் கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் கிரவுண்ட்ஹாக்கை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டுவார்கள். அதன் பெயர் ஃபில். தன் நிழலை அது கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும். காணாவிட்டால் வசந்தம் விரைந்து வரும். இக்கணிப்பு பொய்க்குமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பொய்க்காது என்பது எம் கோள்.

முதலில் விலங்கு. கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. வளை தோண்டி வாழ்வது. குளிர்காலத்தில் நெடுந்துயில் கொள்வது. விழித்திருக்கையில் நிமிடத்துக்கு எண்பதை ஒட்டித் துடிக்கும் இதயம் அத்துயிலில் ஐந்தாகக் குறைந்துவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் ஆண் விலங்குகள் சற்றே எழுந்து வெளியே வருவது இயற்கைதான். ஆனால் அது வானிலை பார்க்கவன்று. அக்கம்பக்கத்தில் பெண் விலங்குகளின் வளைகள் எங்கெங்கே உள்ளன என்று பார்த்துவரவே. பார்த்தபின் திரும்பிப்போய் மறுபடி படுத்துக்கொள்ளும். ஃபில் மணமானவர். ஆதலால் இவ்விளக்கம் அவருக்குப் பொருந்தாது என விடுக்க.

வழக்கத்தின் வேர் ஜெர்மனியில். மெழுகுவர்த்தித் திருநாளான பிப்ரவரி 2இல் வெயில் அடித்தால் குளிர் நீளும் என்ற நம்பிக்கையை அங்கே பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் மேல் ஏற்றியிருந்தார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் கைக்கெட்டிய கிரவுண்ட்ஹாக்குக்கு அப்பதவியை வழங்கினர். 1886இல் உள்ளூர்ச் செய்தித்தாள் இதைப் பதிவு செய்தது. மறு ஆண்டு மேட்டுக்கு முதல் பயணம் நடந்தது. அன்று தொட்டு இன்றுவரை கணிப்பவர் ஒரே ஃபில்தான் என்பது விழாவை நடத்தும் கழகத்தின் துணிபு. கோடையில் ஒரு வாய் அமுதம் அருந்துவாராம். ஒரு வாய்க்கு ஏழாண்டு ஆயுள் கூடுமாம். தொடக்க கால உறுப்பினர்கள் கிரவுண்ட்ஹாக்கை வேட்டையாடி விருந்தில் கறியாகப் பரிமாறியதும் வரலாற்றில் உள்ளது. இரண்டும் முரணாகாவோ எனின், ஆகா. உண்ணப்பட்டவர் வேறொருவர் என்க.

இனிப் பிறர் மதம் மறுத்தல். அமெரிக்க அரசின் வானிலைக் கணக்காளர்கள் அண்மை ஆண்டுகளை எடுத்துப் பார்த்து, ஃபில் சொன்னது பலித்தது நாற்பது விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழோ என்கிறார்கள். காசு சுண்டினாலே பாதி தேறும் என்பது அவர்கள் குத்தல். இவர்கள் நாட்காட்டியைப் புரட்டவில்லை. பிப்ரவரி 2இலிருந்து ஆறு வாரம் என்பது மார்ச் 16. அங்கே வசந்தம் முறைப்படி பிறப்பது மார்ச் 20 வாக்கில். எனவே "இன்னும் ஆறு வாரம் குளிர்" என்று கூட்டத்தை முகம் சுளிக்கவைக்கும் ஃபில், உண்மையில் நான்கு நாள் தள்ளுபடியல்லவா தருகிறார்? இந்தப் பெருந்தன்மையை எவரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

நூறு தடவைக்கும் மேலாக அவர் நிழலைக் கண்டிருக்கிறார். காணாத ஆண்டுகள் இருபதை ஒட்டியே. தொலைக்காட்சி விளக்குகள் அத்தனை பக்கத்திலிருந்தும் அடிக்கும்போது நிழலைக் காணாதிருப்பதுதான் அரிய செயல் என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு, மேலே செல்வோம்.

ஆய்வின் உயிர்நிலை அறிவிக்கும் முறையில் இருக்கிறது. இரண்டு சுருள்கள் முன்கூட்டியே எழுதிவைக்கப்படுகின்றன: ஒன்று குளிருக்கு, ஒன்று வசந்தத்துக்கு. கழகத் தலைவர் ஃபில் அருகே குனிகிறார். தலைவரிடம் அகேசியா மரத்தாலான பழங்கைத்தடி ஒன்று உண்டு. அதைப் பிடித்திருக்கும்வரை கிரவுண்ட்ஹாக் மொழி அவருக்கு விளங்கும். ஃபில் சுட்டும் சுருள் உரக்க வாசிக்கப்படுகிறது. நம்மூர்க் கிளி ஜோசியத்தில் கிளி சீட்டை எடுப்பதோடு சரி, பலன் சொல்வது ஜோசியர். அதே ஏற்பாடுதான், கோட்டு ஒன்றே மிகுதி. இதனால் விளையும் பயன் பெரிது: கணிப்பு தவறினால் கேட்டவர் தவறாகக் கேட்டார் என்று முடித்துவிடலாம்.

இது வெறும் ஊகமன்று; வழக்குச் சான்று உண்டு. 2013இல் ஃபில் வசந்தம் விரைந்து வரும் என்றார். மார்ச் கடைசியிலும் பனி கொட்டியது. ஒஹாயோ மாநிலத்தின் பட்லர் மாவட்ட அரசு வழக்கறிஞர் விளையாட்டாகக் குற்றப்பத்திரிகை எழுதி, மரண தண்டனையே கோரினார். உடனே கழகத்தின் அன்றைய தலைவர் முன்வந்து, ஃபில் சரியாகத்தான் சொன்னார், புரிந்துகொண்டதில் பிழை தன்னுடையது என்று பழியை ஏற்றார். வழக்கறிஞரும் இறங்கிவந்தார். ஆக, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஃபில் ஒருமுறைகூடத் தவறவில்லை. தன்கோள் நிறுவப்பட்டது.

விழாவுக்குச் செல்வோர் அறியவேண்டியது சிறிது. பேருந்துகள் நள்ளிரவு தாண்டியதுமே ஓடத் தொடங்கும். கதிரவன் எழுவது ஏழரை மணியை ஒட்டி. இடைப்பட்ட நேரமெல்லாம் உறைபனியில் நிற்கவேண்டும், வாணவேடிக்கையும் ஆட்டமும் உண்டு, மதுவுக்கு மேட்டில் அனுமதி இல்லை. பல மணி நேரம் கால் மரத்து நிற்பவரிடம் குளிர் இன்னும் இருக்கிறது என்று சொல்ல ஒரு விலங்கு எதற்கு என்று கேட்கலாம். கேட்பவர் வீட்டிலேயே இருக்கலாம்.

எஞ்சுவது குடும்பம். ஃபில்லின் மனைவி பிலிஸ். 2024இல் ஸன்னி, ஷேடோ என இரு குட்டிகள் பிறந்தன. ஆயினும் பட்டம் அவர்களுக்கு இல்லை. தந்தைக்குச் சாவில்லையாதலால் பதவி காலியாவதில்லை. வாரிசுகளுக்கு இவ்வளவு தெளிவாக விடையளித்த அமைப்பு வேறொன்றைக் காட்டுவது அரிது. பிலிஸுக்கு மட்டும் அமுதத்தில் பங்கில்லை என்பதும் கழக மரபே. அப்படியானால் 1886 தொட்டு இன்றுவரை உள்ளவர் எத்தனையாவது பிலிஸ்? இது தனி ஆய்வுக்கு உரியது. நல்கை கிடைப்பின் மேற்கொள்ளப்படும்.