முதல் விருப்பத்தில் பெர்குசன்: ஒரு திருஷ்டிப் பூசணிக் கோட்பாடு

புனேயில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு நூல் எழுதத் தொடங்குவார்கள். ஆசிரியர் குழுவில் அப்பா, அம்மா, மாடி வீட்டுக் காக்கூ (மராத்தியில் சித்தி), மும்பையிலிருந்து போனில் ஒரு மாமா. பிள்ளைக்கும் சில வீடுகளில் இடமுண்டு. நூலின் அளவு அதிகபட்சம் பத்து வரி. வரிக்கு ஒரு கல்லூரி. பதினோராம் வகுப்பு இணையவழிச் சேர்க்கையின் விருப்பப் பட்டியல் என்று அரசு இதை அழைக்கிறது. திருத்தப் படிகளின் எண்ணிக்கையில் எந்தக் காவியத்துக்கும் சளைக்காத இந்த இலக்கிய வகையை ஆய்வுலகம் இதுவரை சீந்தவில்லை.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடலாம். 2025இல் மகாராஷ்டிர வாரியத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 211 பேர். அவர்களிடம் ஆராய ஒன்றுமில்லை. நம் ஆய்வுப்பொருள் தொண்ணூற்று நாலு சொச்சம் வாங்கிய பிள்ளை: பெர்குசன் கல்லூரி இருக்கும் எஃப்சி ரோட்டைக் கனவு காணும் அளவுக்கு அதிகம், காணாமல் இருக்கும் அளவுக்குக் குறைவு.

அந்தச் சொச்சத்தின் உடற்கூறு நுணுக்கமானது. ஆறு பாடம் எழுதினாலும் சிறந்த ஐந்துதான் கணக்கு. 2010இல் இந்த முறையை மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்தது. மொத்தம் 500 என்பதால் ஒரு மதிப்பெண்ணின் எடை 0.2 சதவீதம். இந்தப் பிரபஞ்சத்தில் அதைவிடச் சிறிய துகள் கிடையாது. ஆறாவதாகக் கழித்துக்கட்டப்படும் பாடம் பல வீடுகளில் கணக்கு. தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் சமஸ்கிருதம். பெர்குசன் கல்லூரி 1885இல் தொடங்கியபோது அங்கே கணக்கு நடத்தியவர் திலகர். அதே கல்லூரியின் அறிவியல் பிரிவுக்கு, கணக்கை உதறிவிட்டுக் கணக்கிட்ட சதவீதத்தோடு விண்ணப்பிக்க முடிகிறது என்பது மகாராஷ்டிரக் கல்வி வரலாற்றின் உச்சம் என்பேன்.

ஓவியத்தையும் மறந்துவிடக்கூடாது. இன்டர்மீடியட் ஓவியத் தேர்வில் ஏ கிரேடுக்கு 7 மதிப்பெண், பி-க்கு 5, சி-க்கு 3 என்று வாரியம் கூடுதலாகத் தருகிறது. அதாவது எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ கோணலாக வரைந்த ஒரு குடத்தின் விலை 0.6 சதவீதம், நிழல் சரியாக விழுந்த குடமென்றால் 1.4. நியூட்டனின் மூன்று விதிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையைக் குடத்து நிழல் முந்திவிடுகிறது. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இந்தக் குடமும் கிடையாது. அவர்களுடைய பெற்றோரின் புலம்பல் தனி ஆய்வேட்டுக்கு உரியது.

இனி மையக் கோட்பாடு. சேர்க்கை விதி இப்படி: முதல் விருப்பமாக எழுதிய கல்லூரி கிடைத்துவிட்டால் சேர்ந்தே ஆகவேண்டும், மறுத்தால் அடுத்த வழக்கமான சுற்றுகளில் இடமில்லை. இரண்டிலிருந்து பத்துவரை எது கிடைத்தாலும், வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். எனவே விளிம்புப் பிள்ளை முதல் வரியில் பெர்குசன் அறிவியல் என்று எழுதுவதைப் பேராசை என்று முந்தைய அறிஞர்கள் (குறிப்பாகச் சித்தப்பாக்கள்) விளக்கியது பிழை. அது கிடைக்காது என்று பிள்ளைக்குத் தெரியும். கிடைக்காது என்பதற்காகவே எழுதுகிறது. புதுவீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணியை யாரும் கூட்டு வைக்க வாங்குவதில்லை. பெர்குசன் முதல் வரியில் தொங்கும்வரை எஸ்.பி., மாடர்ன், கர்வாரே கல்லூரிகள் எல்லாவற்றையும் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை பத்திரமாக இருக்கும்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. புனே ராஸ்தா பேட் பகுதி மாமி ஒருவரின் வாதம்: "கிடைக்கறதை முதல்ல எழுதிட்டு நிம்மதியா தூங்குங்கோ. ரெண்டு வருஷத்துல எல்லாரும் எப்படியும் க்ளாஸுக்குத்தானே போகப்போறா, காலேஜுக்கா போறா?" நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்களின் கூட்டத்தைப் பார்த்தால் இதை மறுப்பது கடினம். ஆனால் நிம்மதியாகத் தூங்குபவர்களால் ஆய்வுக்கு எந்தத் தரவும் கிடைப்பதில்லை. மும்பை மாமாவோ அங்கே சயானில் உள்ள எஸ்ஐஇஎஸ் கல்லூரியில் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தனி இடம் உண்டென்று சுற்றுக்கு ஒருமுறை நினைவூட்டுவார். புனேயில் உட்கார்ந்துகொண்டு அதை என்ன செய்வது என்று மட்டும் சொல்லமாட்டார்.

அண்ணா பல்கலைக்கழகத்துப் பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டு அப்பாக்களுக்கு இந்தச் சூட்சுமம் எளிதில் பிடிபடாது. அங்கே எல்லா மதிப்பெண்ணும் சமமானால் முன்னால் பிறந்தவருக்கு முன்னுரிமை. அதற்குத் தந்திரம் செய்ய வேண்டுமென்றால் பதினேழு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

கோட்பாட்டில் ஒரே ஒரு அபாயம். மேலே இருந்தவர்கள் நகர்ந்து, கட் ஆஃப் சரிந்து, பூசணி திடீரென்று மடியில் விழுந்துவிடலாம். எஃப்சி ரோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, நிக்டியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள். காலை பத்து மணிக்குப் பட்டியல் வருகிறது. முதல் விருப்பமே கிடைத்திருக்கிறது. பிள்ளை கத்துகிறது, அப்பா ஊருக்குப் போன் போடுகிறார். அம்மா மட்டும் திரையை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்கிறாள்: "ஏங்க, காலைல ஏழு மணி க்ளாஸுக்கு இங்கேருந்து எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கணும்?"