முதலில் குல்லா, பிறகு கரடி

குழந்தைகளுக்கு விலங்குக் குல்லா பின்னுவது பற்றிக் குவிந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: குரோஷா ஊசியை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறேன். பேரனுக்கு எந்த விலங்கில் தொடங்கலாம்? (ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

பதில்: கரடியில். இரண்டு வட்டக் காது வைத்தால் கரடி வந்துவிடும். காது கொஞ்சம் கோணினாலும் கரடி கோபிக்காது. பூனை அப்படியில்லை, முக்கோணம் பிசகினால் அது பூனையாகவே இருக்காது. 5 மி.மீ. ஊசியும் நடுத்தரத் தடிமன் உள்ள உல்லன் நூலும் வாங்குங்கள். கரடிதானே என்று கரும்பழுப்பை எடுத்துவிடாதீர்கள். அடர்ந்த நிறத்தில் கண்ணிகளை எண்ணுவது பழகிய கைக்கே சிரமம். வெளிர்பழுப்புக் கரடியும் கரடிதான்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்குச் சிங்கக் குல்லா பின்னினேன். முகம் அழகாக வந்தது, ஆனால் குல்லா மூக்கு வரை இறங்கிவிட்டது. அளவை எப்படிக் கணக்கிடுவது? (வாசகி, கோவை)

பதில்: வயதைப் பார்த்துப் பின்னாதீர்கள், தலையை அளந்து பின்னுங்கள். ‘ஆறு மாதக் குழந்தைக்கு’ என்று செய்முறை எழுதியவர் உங்கள் வீட்டுக் குழந்தையைப் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேலே தொடங்கி, பின்மண்டையின் மேடான இடத்தைச் சுற்றி டேப்பை வையுங்கள். பிறந்த குழந்தைக்குப் பொதுவாக 34, 35 செ.மீ. இருக்கும். மூன்று மாதத்தில் 40, ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 45, 46 என்று போகும்.

குரோஷா இழுபடும். அதனால் தலையளவில் 2, 3 செ.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும். தலை 40 என்றால் குல்லா 37. அதை 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12. உச்சியிலிருந்து தொடங்கும் வட்டம் 12 செ.மீ. குறுக்களவை எட்டும் வரைதான் கண்ணிகளைக் கூட்ட வேண்டும். டபுள் குரோஷே போடுகிறீர்கள் என்றால் முதல் சுற்றில் 12 கண்ணி, அடுத்து 24, பிறகு 36, பிறகு 48. இந்த நான்காவது சுற்று முடிந்ததும் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். 12 செ.மீ. வந்துவிட்டதா? இனி ஒரு கண்ணிகூடக் கூட்ட வேண்டாம், 48-ஐயே திரும்பத் திரும்பப் போட்டால் பக்கச்சுவர் தானாக இறங்கும். உச்சியிலிருந்து விளிம்பு வரை 15 செ.மீ. போதும்.

வட்டம் தட்டையாக வராமல் சீக்கிரமே குழிந்தால் கை இறுக்கம், ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். ஓரம் அலையடித்தால் எங்கோ கூடுதலாகக் கூட்டியிருக்கிறீர்கள். பிரித்து எண்ணுங்கள். பிரித்தாலும் நூல் நூலாகவே கையில் இருப்பது குரோஷாவின் பெரிய கருணை.

கேள்வி: கண்ணுக்குக் கறுப்புப் பட்டன் தைத்தால் உயிரோட்டமாக இருக்கிறது. தைக்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கூடாது. கடையில் ‘சேஃப்டி ஐ’ என்று விற்பதும் வேண்டாம். பின்புறம் வாஷர் வைத்துப் பூட்டினாலும் குரோஷாவின் கண்ணி நெகிழும், குழந்தை கடித்து இழுத்தால் வாஷரோடு பிதுங்கி வெளியே வந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மி.மீ. அகலம். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்று கணக்கு. எந்தச் சட்டைப் பட்டன் அதில் அடங்காமல் போகும்? கறுப்பு நூலாலேயே கண்ணைத் தையுங்கள். மூடிய கண்ணாக ஒரு வளைகோடு போட்டால் தூங்கும் கரடி. பட்டன் கண்ணைவிட அதுவே அழகு.

கேள்வி: தாடைக்குக் கீழே கட்ட நாடா வைக்கலாமா? நம் பழைய குல்லாக்களில் இருந்ததே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இருந்தது. இனி வேண்டாம். சிறு குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறே கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. அமெரிக்காவிலும் 1996-இல் அதே எச்சரிக்கை வந்தது. குல்லா நழுவாமல் இருக்க, காதை மூடும்படி இரண்டு பக்கமும் இறக்கம் பின்னுங்கள். அளவு சரியாக இருந்தால் அதுவே பிடித்து நிற்கும்.

கேள்வி: மருமகள் ஆந்தைக் குல்லா கேட்கிறாள். பிள்ளையின் தலையில் ஆந்தையா என்று என் அம்மா சண்டைக்கு வருகிறார். நடுவில் நான். (வாசகி, மதுரை)

பதில்: பின்னலில் இதற்கு வழி இருக்கிறது. ஆந்தையும் பூனையும் ஒரே உடம்புதான். செவ்வகமாகப் பின்னி, மடித்து, இரண்டு பக்கமும் மூட்டிவிடுங்கள். பை போல இருக்கும். தலையில் வைத்ததும் மேல்மூலைகள் இரண்டும் காதாக எழும்பி நிற்கும், தனியே காது தைக்கும் வேலையே இல்லை. இதில் பெரிய வெள்ளை வட்டக் கண்ணும் அலகும் வைத்தால் ஆந்தை. சின்ன மூக்கும் மீசைக் கோடுகளும் போட்டால் பூனை. உங்கள் அம்மா ஊரில் இருக்கும்வரை பூனையாக இருக்கட்டும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு குல்லா பின்னிவிடுங்கள். இது ஒரு மாலை வேலை. அதற்காக மூன்று தலைமுறை முகம் சுளிக்க வேண்டாம்.

கேள்வி: இரட்டைக் குழந்தைகள். ஒரே விலங்கா, வேறு வேறா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேறு வேறு. முயல் பால் குடித்தாயிற்று, கரடி இன்னும் குடிக்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: யானைக் குல்லாவில் தும்பிக்கை எங்கே வைப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: நெற்றியிலிருந்து தொங்கவிட்டால் அது குழந்தையின் கண்ணை மறைக்கும், அடுத்த நிமிடம் வாயில் இருக்கும். யானையைக் காட்டிக்கொடுப்பது காதுதான். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பெரிய காதுகளைப் பக்கவாட்டில் தையுங்கள். தும்பிக்கையைத் தட்டையாக ஒரு பக்கம் வளைத்து, குல்லாவின் மேலேயே முழுக்க ஒட்டித் தைத்துவிடுங்கள். சிங்கத்தின் பிடரிக்கும் இதே நியாயம். வெட்டிவிட்ட நூல்முனைகள் நான்கு மாதக் கைக்கு வசமாகச் சிக்கும், உதிர்ந்து வாய்க்குப் போகும். நூலை வெட்டாமல் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும் கண்ணிகளை முகத்தைச் சுற்றிப் போடுங்கள். பிடரி வந்துவிடும்.

கேள்வி: உல்லன், கம்பளி, பருத்தி: எது நல்லது? நாங்கள் இருப்பது கோத்தகிரி. (வாசகி)

பதில்: உங்கள் குளிருக்குக் கம்பளிதான் முதல். ஈரம் பட்டாலும் சூடு விடாது. ஆனால் எல்லாக் கம்பளியும் குழந்தைத் தோலுக்கு ஆகாது. நூலைக் கழுத்தில் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு அரித்தால் குழந்தைக்குக் கட்டாயம் அரிக்கும். வெந்நீரில் கசக்கினால் கம்பளி சுருங்கி இறுகிவிடும், ஞாபகம். கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். துவைக்கச் சுலபம், விலையும் குறைவு. இஸ்திரிப் பெட்டி பட்டால் மட்டும் தொய்ந்து உயிரில்லாமல் போகும். கணப்பு அருகே வேண்டவே வேண்டாம், உருகும். பருத்தி மென்மை, ஆனால் இழுத்தால் திரும்பிச் சுருங்காது. அதனால் அளவை இன்னும் ஒரு செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். புசுபுசுவென்று ரோமம் உதிரும் நூல் எதுவும் ஆகாது.

கேள்வி: சென்னையில் குழந்தைக்கு எப்போதெல்லாம் குல்லா போடலாம்? (இளம் தாய், தாம்பரம்)

பதில்: புகைப்படத்துக்கு ஐந்து நிமிடம். மார்கழிக் காலையில் வெளியே தூக்கிப் போகும்போது. மே மாதத்தில் போடவே வேண்டாம். குழந்தை உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் முக்கிய வழிகளில் ஒன்று தலை, அதை மூடினால் சூடு உள்ளேயே தங்கும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். பிறந்த முதல் சில மணி நேரத்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. எவ்வளவு ஆசையாகப் பின்னியிருந்தாலும், இந்த விஷயத்தில் குல்லாவின் பக்கம் பேச மாட்டேன்.

கேள்வி: குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கப் பின்ன நினைக்கிறேன். அங்கேயும் விலங்குக் குல்லா கொடுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்)

பதில்: பின்னத் தொடங்கும் முன் அந்த வார்டின் நர்ஸைப் பார்த்துப் பேசுங்கள். சில இடங்களில் வெளிப்பொருள் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் எந்த நூல், எந்த அளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 26 செ.மீ.தான். உச்சிக்குழி மேல் முடிச்சு உறுத்தக் கூடாது. உள்பக்கம் நூல்முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காது, மூக்கு எதுவும் வேண்டாம். விலங்கு ஆசை இருந்தால் நிறத்தில் காட்டுங்கள்: மஞ்சளில் இரண்டு கறுப்புப் பட்டை போட்டால் தேனீ.

குல்லா அங்கே அலங்காரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற மருத்துவர் 1978-இல் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படும்படி வைத்துக் காப்பாற்றும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்களே, அதுதான். அதில் குழந்தையின் உடம்பில் இருப்பது பெரும்பாலும் ஒரு டயப்பரும் ஒரு குல்லாவும். கங்காருவின் பையில் உங்கள் குல்லா போய்ச் சேரப்போகிறது. அதற்கு மேல் எந்த விலங்கு வேண்டும்?

கேள்வி: விலங்குக் குல்லா எல்லாம் இன்றைய செல்போன் மோகம்தானே? (வாசகர், காரைக்குடி)

பதில்: இல்லை. சீனாவில் குழந்தைக்குப் புலித்தலைக் குல்லா போடுவது பல தலைமுறைப் பழக்கம். துணியில் தைத்து, காதும் மீசையும் வைத்து, நெற்றியில் அரசன் என்ற எழுத்தைப் பூவேலையாகப் போடுவார்கள். பிள்ளையைக் கெட்டது அண்டாமல் புலி காக்கும் என்று நம்பிக்கை. நாம் கன்னத்தில் மை வைக்கிறோம், அவர்கள் தலையில் புலியை வைத்தார்கள்.

கேள்வி: பஜாரில் 150 ரூபாய்க்குக் குரோஷா குல்லா கிடைக்கிறது. நான் 500 சொன்னால் முகத்தைத் திருப்புகிறார்கள். (வாசகி, திருப்பூர்)

பதில்: ஊர் திருப்பூர், அதனால் உங்களுக்கு இது எளிதில் புரியும். பனியன் துணி பின்ன மெஷின் இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் மெஷினை உருவாக்கியது 1589-இல். குரோஷாவுக்கு இன்றுவரை அப்படி ஒரு மெஷின் வரவில்லை. உண்மையான குரோஷா என்றால் எங்கோ ஒருவர் ஊசி பிடித்து ஒவ்வொரு கண்ணியாகப் போட்டிருக்கிறார். 150 ரூபாயில் நூலும் கடைக்காரரின் லாபமும் போனபின் அந்தக் கைக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ஆந்திராவின் நரசாப்பூரில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பின்னிய குரோஷா லேஸ் வெளிநாடுகளுக்குப் போனது. அவர்களுக்குக் கிடைத்த அற்பக் கூலியைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணின் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டதால், உழைப்பு உழைப்பாகவே கணக்கில் வரவில்லை. அந்த லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலியும் அதற்கேற்ப உயர வேண்டும்.

நீங்கள் நேரத்தைக் குறித்துவைத்து, நூல் விலையோடு மணிக்கூலி சேர்த்துச் சொல்லுங்கள். குறைத்துக் கேட்டால் காதில்லாத குல்லாவைக் காட்டுங்கள். காதுக்குத் தனி நேரம் ஆகிறது, தனி விலை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பா ஆகப்போகிறேன். நானே பின்னினால் நண்பர்கள் கிண்டல் செய்வார்களோ? (வாசகர், டொரண்டோ)

பதில்: பிரிட்டன் வீரர் டாம் டேலி 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங் தங்கம் வென்றார். பிறகு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து உலகமே பார்க்கப் பின்னிக்கொண்டிருந்தார், பதக்கத்துக்கும் ஒரு பை பின்னினார். உங்கள் ஊர்க் குளிரில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு நண்பர்களின் கிண்டல் கதகதப்பு தராது. இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: ஆசையாகப் பின்னிய முயல் குல்லாவை என் மகள் போட்டவுடன் பிடுங்கி எறிகிறாள். எட்டு மாதம். (இளம் தாய், நுவரெலியா)

பதில்: குல்லாவை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். காது தைத்த இடத்தில் முடிச்சு இருந்தால் அதுதான் குற்றவாளி. நூல்முனையைக் கண்ணிகளுக்குள் போக, வர, மறுபடி போக என்று மூன்று முறை ஓட்டி வெட்டுங்கள், முடிச்சே தேவைப்படாது. விளிம்பு நெற்றியில் கோடு பதிக்கிறதா என்றும் பாருங்கள். பதித்தால் கடைசி இரண்டு சுற்றைப் பிரித்துப் பெரிய ஊசியால் தளர்வாகப் போடுங்கள். இரண்டும் இல்லையென்றால், எறிவது அந்த வயதின் விளையாட்டு. நீங்கள் எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். அவளே கேட்டு வாங்குவாள்.