நேர்வாளம் போடும் வேஷம்

கேள்வி: மரபணுவைத் தொடாத வேதிப்பொருள்கூடப் புற்றுக்கட்டியை வளர்க்கும் என்கிறார்களே, அதெப்படி?

பதில்: பேதிக்குப் பேர்போன நேர்வாளத்தைக் கேளுங்கள். அதன் எண்ணெயை மட்டும் சுண்டெலித் தோலில் தடவினால் கட்டி வருவது அரிது. மரபணுவைக் கெடுக்கும் பொருளை முதலில் ஒருமுறை பூசிவிட்டு, பிறகு எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினால் கட்டிகள் முளைக்கும். வரிசையை மாற்றினால் முளைப்பதில்லை. 1940களில் பெரன்பிளம், மோட்ராம், ஷுபிக் ஆகிய ஆய்வாளர்கள் கண்டது இது. எண்ணெயிலுள்ள போர்பால் எஸ்டர் குறிவைப்பது செல்லின் சவ்வை. அங்கே டைஅசைல்கிளிசரால் என்னும் கொழுப்பு சற்றே தலைகாட்டி, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை எழுப்பிவிட்டு மறைந்துவிடும். எஸ்டர் அதே வேஷத்தில் வருகிறது. ஆனால் வேஷத்தை லேசில் கலைப்பதில்லை. எஸ்டர் இந்த நொதியை எழுப்புவதை ஆய்வாளர் நிஷிசுகாவின் குழு 1982இல் காட்டியது. கூடவே, அண்டை செல்களை இணைக்கும் சவ்வுத் துளைகளும் அடைபடுகின்றன. கெட்டுப்போன செல்லைக் கண்டிக்க அப்புறம் யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் அந்த நொதியைத் தூண்டுவதெல்லாம் ஆபத்தா என்று மடக்கலாம். நியாயமான கேள்விதான். பிரையோஸ்டாட்டின் என்னும் வேதிப்பொருளும் அதே நொதியைத் தூண்டுகிறது. ஆனால் சுண்டெலித் தோலில் கட்டியை வளர்க்காததோடு, போர்பால் எஸ்டரின் வேலையையும் கெடுக்கிறது. எனவே நொதி எழுந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது; அந்த நொதியின் எந்த வகை, எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்றும் பார்க்க வேண்டும்.