அல்டோவும் லம்போகினியும்: கண்டி வீதிகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஒப்பாய்வுக்குத் தமிழில் நல்ல மரபு உண்டு. வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமருக்கும் மில்டனுக்கும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எதையெல்லாமோ எதனோடெல்லாமோ நிறுத்திப் பார்த்துப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். ஆனால் சுசுக்கி அல்டோ 800ஐயும் லம்போகினி அவென்டடோர் எல்பி 700-4ஐயும் கண்டி வீதியில் அருகருகே நிறுத்திப் பார்த்தவர் இதுவரை இல்லை. இத்தனைக்கும் நிறுத்துவது சிரமமே அல்ல. கண்டியில் எல்லா வண்டிகளும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

முதலில், கம்பன் வழியில், குலமுறை கிளத்துவோம். சுசுக்கி 1909இல் ஜப்பானின் ஹமமட்சுவில் நெசவுத்தறி செய்யத் தொடங்கிய நிறுவனம். அதன் முதல் அல்டோ 1979இல் வந்தது. பெருசியோ லம்போகினி 1948இல் இத்தாலியில் ட்ரக்டர் செய்யத் தொடங்கி, 1963இல் கார் நிறுவனம் ஆரம்பித்தவர். ஆக ஒன்று தறி வழி வந்தது, மற்றது ஏர் வழி வந்தது. நம் இலக்கியம் உழவனுக்குத் தரும் இடத்தைப் பார்த்தால் லம்போகினிதான் உயர்குடி. அந்த மனிதர் ட்ரக்டரோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவும் வேறாகியிருக்கும். கண்டி மலைச்சரிவுகளுக்கு ட்ரக்டர் மிகவும் தோதான வாகனம்.

எண்கள் ஆய்வுக்கு அழகு. அல்டோ 800: 796 சிசி, 3 சிலிண்டர், 48 குதிரைவலு. அவென்டடோர்: 6,498 சிசி, 12 சிலிண்டர், 700 குதிரைவலு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட 2.9 விநாடி, உச்ச வேகம் 350. இந்த எண்களைக் கொழும்பில் இருந்து படித்தால் மூச்சு முட்டும். கெட்டம்பேயில் சிக்னலுக்காகக் காத்திருந்து படித்தால் சிரிப்பு வரும்.

ஏனெனில் இலங்கைச் சட்டம் ஊர்மனைக்குள் காருக்கு 50, வெளியே 70 என்று வரையறுத்திருக்கிறது. அவென்டடோருக்கு ஏழு கியர். முதல் கியரிலேயே அது இவ்விரண்டு எல்லைகளையும் கடந்துவிடும். எனவே மீதி ஆறு கியர்களும் கண்டி மாவட்டத்தில் சட்டவிரோதமானவை. வைத்திருக்கலாம், பாவிக்க முடியாது. அதிவேகப் பாதையில் 100 வரை போகலாம் என்பதால் இரண்டாவது கியருக்கு அங்கே ஒரு நியாயம் கிடைக்கும். ஆனால் மத்திய அதிவேகப் பாதையில் 2022 ஜனவரியில் திறந்தது மீரிகமவிலிருந்து குருநாகல் வரைதான். கண்டிக்காரரின் இரண்டாவது கியர் இன்னும் குருநாகலில் காத்து நிற்கிறது.

அல்டோக்காரரோ தன் ஐந்து கியரையும் உழைக்க வைக்கிறார். கடுகண்ணாவை ஏற்றத்தில் உள்ளே ஐந்து பேர், பின்னால் அன்னாசிப்பழம். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, ஏசியை நிறுத்து, கண்ணாடியை இறக்கு, மறுபடி இரண்டு. கொடுத்த காசுக்கு முழு வேலையும் வாங்குகிறவர் யார் என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

இந்த ஏற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்று ஒரு பழைய ஐதீகம். 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் இந்த வீதியை வெட்டியபோது கடுகண்ணாவையில் ஒரு பாறையைக் குடைந்தே பாதை போட்டார்கள். வீதியமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் மேலே நிற்கிறது. அவர்கள் மனதில் இருந்தது குதிரை வண்டிதான். ஆனால் ஒரே வண்டியில் 700 குதிரை பூட்டி ஒருவர் வருவார் என்று டோசனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே இக்கட்டுரையாளர் ஒரு விதியை முன்மொழிகிறார். மாவனல்லைக்கு அப்பால் எந்த வாகனத்தின் வேகமும் அதன் எஞ்சினைப் பொறுத்ததல்ல. அதற்கு முன்னால் போகும் லேலண்ட் பஸ்ஸைப் பொறுத்தது. 48 குதிரையும் 700 குதிரையும் அந்த பஸ்ஸின் பின்னால் ஒரே குதிரைதான். வேறுபாடு பார்வையில் மட்டும். அவென்டடோரின் மொத்த உயரம் 1,136 மில்லிமீற்றர். கூரையே பஸ் டயரின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அல்டோவில் இருப்பவர் பஸ்ஸின் பின்கண்ணாடியில் எழுதிய வாசகத்தைப் படிக்கலாம். லம்போகினிக்காரருக்கு வாய்ப்பது சைலன்சர் தரிசனம். அவென்டடோர் என்பது 1993இல் சரகோசாவில் சண்டையிட்ட ஒரு காளையின் பெயர். எசல பெரஹரா மாதத்தில் அந்தக் காளை யானைக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கவேண்டியதுதான்.

அகலத்திலும் சிக்கல் இருக்கிறது. அல்டோ 1,490 மில்லிமீற்றர், அவென்டடோர் பக்கக் கண்ணாடிகள் இல்லாமலே 2,030. வித்தியாசம் 54 சென்ரிமீற்றர். கண்டியில் 54 சென்ரிமீற்றர் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. அங்கே ஏற்கெனவே ஒரு ஓட்டோவின் முன்சில்லு நுழைந்திருக்கும்.

எரிபொருள் பற்றித்தான் விரிவாகப் பேசவேண்டும். 2022இல் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்றார்கள். எஞ்சின் அளவைப் பார்த்து வரி வாங்கும் நாட்டில், எஞ்சின் அளவைப் பாராமல் பெற்றோல் ஊற்றிய பொற்காலம் அது. அவென்டடோர் 100 கிலோமீற்றருக்கு 17.2 லீற்றர் குடிக்கும் என்பது தயாரித்தவர்கள் தந்த கணக்கு. அப்படியானால் 20 லீற்றருக்கு 116 கிலோமீற்றர். கொழும்பு–கண்டி வீதியின் நீளமும் சுமார் 116 கிலோமீற்றர். அதாவது ஒரு வாரப் பங்கீட்டில் லம்போகினிக்காரர் கண்டிக்கு வந்து சேரலாம். திரும்பிப் போக அடுத்த வாரம் வரை இருக்கவேண்டும். அல்டோவின் கணக்கு லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர். அதே 20 லீற்றரில் கண்டிக்கு வந்து, கொழும்புக்குப் போய், மறுபடி வந்து, மறுபடி போகும் வழியில் கிரிபத்கொடைக்கும் களனிப் பாலத்துக்கும் இடையில் எங்காவது நிற்கும். மலை ஏற்றத்தில் இரண்டு கணக்குகளும் குறையும் என்பது உண்மைதான். குறைந்தாலும் நிலைமை இதுதான்.

மலிவு விலைக் கார் என்ற சொற்றொடரை இக்கட்டுரை தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தார்கள். இடையில் பழைய அல்டோக்கள், வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குக் கைமாறின. ஓட ஓட விலை ஏறுவது சேகரிப்பாளர்களின் அரிய கார்களுக்கு மட்டுமே உரிய குணம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

சமயச் சடங்கையும் விட்டுவிடக் கூடாது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலில் புதுக்கார் தேசிக்காயை நசுக்குவதில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. முன்பம்பரில் மிளகாயோடு தேசிக்காய் கட்டித் தொங்கவிடும்போதுதான் பிரச்சினை. லம்போகினியில் அது தார் ரோட்டில் உரசிக் கோயில் வளைவு தாண்டுவதற்குள் சாறாகிவிடும். முன்பக்கத்தை 40 மில்லிமீற்றர் தூக்கும் பொத்தான் ஒன்று அவென்டடோரில் உண்டு. அதை அழுத்தினால் ஏறக்குறைய அல்டோவின் உயரத்துக்கு வரும். அல்டோவுக்குப் பொத்தான் தேவையில்லை.

களஆய்வுக்காகக் கட்டுகஸ்தோட்டைக் கராஜ் ஒன்றில் ஒரு பாஸிடம் விசாரித்தேன். “லம்போகினி வந்தா வேலை செய்வீங்களா பாஸ்?”

“எஞ்சின் எங்க சேர் இருக்கு?”

“பின்னால.”

“அப்ப முன்னால?”

“பேக் வைக்கிற இடம்.”

கொஞ்சம் யோசித்தார். “பலாப்பழம் வைக்கலாமா?”

வைக்கலாம், சிறியதாக ஒன்று. ஆனால் சீற் இரண்டுதான் என்றேன். “அப்ப பலாப்பழத்தோட பொஞ்சாதி மட்டும் போகலாம். புள்ளைங்க பஸ்ல வரணும்” என்று முடித்துவிட்டு அல்டோ ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டார். அதற்கு வேண்டிய சாமான் பஞ்சிகாவத்தையிலிருந்து மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்றும் சொன்னார்.

ஓர் அம்சத்தில் லம்போகினி வெல்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். அது வந்தால் வாவிக்கரையில் நிற்கும் எல்லோரும் ஃபோனை எடுப்பார்கள். அல்டோ வந்தால் எவரும் எடுக்க மாட்டார்கள்; எடுத்தால் நோ பார்க்கிங்கில் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த முடிவுகளை மறுக்க விரும்பும் லம்போகினி உரிமையாளர்கள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தங்கள் வண்டியோடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வந்து நிரூபித்துக் காட்டலாம். அல்டோக்காரர்களைத் தனியாக அழைக்கவேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார்கள்.