பி.பி. நம்பர் வீடும் இரண்டு கார்டு கம்ப்யூட்டரும்

சின்ன டப்பா ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டினால் வீடு முழுக்க இன்டர்நெட் வரும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டைச் செருகி, லினக்ஸ் ஏற்றி, அதையே ரூட்டராக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. புன்னைக்காயலில் அந்த ஆள் நான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரூட்டரின் பூர்வீகமே கம்ப்யூட்டர்தான். 1969-இல் அமெரிக்காவின் அர்பாநெட்டில் அந்த வேலையைப் பார்த்தது ஹனிவெல் மினிகம்ப்யூட்டர். இன்று கடையில் விற்கிற டப்பா பலவற்றுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ்தான். இதை மாமாவிடம் விளக்கினேன்.

"அப்ப டப்பாவயே வாங்கியிருக்கலாம்லா, மருமவனே?" என்றார்.

கேபினெட்டைத் திறந்தால் ஃபேனில் அப்பியிருந்த தூசி விரலில் பிசுபிசுத்தது. உப்புக்காற்றின் உபயம். பவர் சப்ளைக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை. ஒரு கார்டு மதர்போர்டோடு வந்தது, அதைப்பற்றிக் கவலையில்லை. கூடுதலாகச் செருகவேண்டிய பழைய பிசிஐ கார்டுக்குத்தான் பற்களெல்லாம் கறுத்திருந்தன. தம்பி மகளின் பென்சில் பாக்ஸிலிருந்து அழிரப்பரை எடுத்துத் தேய்த்து, ஊதிச் செருகினேன். பச்சை விளக்கு எரியவில்லை. கழற்றி மறுபடியும் தேய்த்தேன். மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"1586-லயே அண்டிரிக் சாமியார் இந்த ஊர்ல அச்சு மெஷின ஓட்டி 'அடியார் வரலாறு' போட்டாரு. உனக்கு ஒரு கார்டு ஓட மாட்டேங்கு!"

அந்தப் புத்தகம் அச்சானது புன்னைக்காயலில்தான் இருக்கவேண்டும் என்ற அளவோடு ஆய்வாளர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். மாமா நிறுத்துவதில்லை.

ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கார்டு மோடம் பக்கம், இன்னொன்று வீட்டுப் பக்கம். இரண்டுக்கும் வேறு வேறு நெட்வொர்க் எண் கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வருகிறது. வீட்டில் யாருக்கும் வரவில்லை. காரணம், லினக்ஸ் சும்மா இருக்கும்போது ஒரு கார்டில் வந்ததை இன்னொரு கார்டுக்குக் கடத்தாது. இந்தக் காதில் கேட்டதை அந்தக் காதுக்குச் சொல்லாத பிறவி எங்கள் ஊரில் அதுவரை இருந்ததில்லை. ஐபி ஃபார்வேர்டிங் என்ற இடத்தில் இருக்கிற பூஜ்யத்தை ஒன்றாக்கினால் அதுவும் ஊரோடு சேர்ந்துவிடும்.

அதோடு முடியவில்லை. மாஸ்கரேடு என்று ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு பி.பி. நம்பர் காலத்துக்குப் போகவேண்டும்.

தெருவுக்கு ஒரு போன் இருந்த காலம். கப்பலுக்குப் போனவர்கள் எல்லோரிடமும் அந்த ஒரு நம்பர்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் அதே நம்பர்தான், பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். மணி அடித்தால் போன் வீட்டு மைனி எடுத்து, யாருக்கு என்று கேட்டு, வாசலில் நின்று குரல் கொடுப்பார். எந்த வீட்டுக்காரர் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். வெளியுலகத்துக்குத் தெருவே ஒரு வீடு.

என் கம்ப்யூட்டர் பார்ப்பதும் மைனி வேலைதான். உலகத்தில் ஐபிவி4 எண்கள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆளுக்கொன்று கொடுக்கக் காணாது. அதனால் 1994 வாக்கில் வந்த ஏற்பாடு இது. வீட்டுக்குள் எல்லோருக்கும் 192.168 என்று தொடங்கும் உள்ளூர் எண். வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் எண்ணை அழித்துத் தன் எண்ணை எழுதிவிட்டு, இந்த போர்ட்டில் பதில் வந்தால் மாமாவுக்கு, அந்த போர்ட்டில் வந்தால் தம்பி மகளுக்கு என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்துக்கொள்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வருகிற பாக்கெட்டுக்கு அந்தக் குறிப்பில் இடமில்லை. அது வீட்டுக்குள் போகாது. சந்தேகக் குரல் கேட்டால் மைனியும் "அப்படி யாரும் இங்க இல்ல" என்று வைத்துவிடுவார்.

மாமாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்ப யாரு யாருகிட்ட என்ன பேசுனாங்கன்னு இதுக்கும் தெரியும்னு சொல்லு."

எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும், பூட்டுப் படம் போட்ட தளங்களில் பேச்சு என்னவென்று தெரியாது என்றேன். மைனி அளவுக்குத் திறமை போதாது என்று தீர்ப்பளித்தார்.

இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நீங்களும் ஒருமுறை செய்துபாருங்கள். ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் சும்மா நின்றாலே 70 வாட் குடிக்கும். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். 2016-இல் தமிழ்நாடு அரசாங்கம் வீட்டுக்கு இலவசமாக்கிய கரண்டும் இரண்டு மாதத்துக்கு அதே 100 யூனிட்தான். ஆகவே, ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் கரண்ட் பில் யார் பேரில் வருகிறதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.