அத்து விடாமக் கூப்பிட்டா வருமா?

ஏ மருமவனே, இருட்டுல உக்காந்து செவரைப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கியே, மேலுக்குச் சொகமில்லையா? ஓ... சொன்னபடி கேக்குற வீடா! சந்தோசம்டே. சொல்லு, நானும் பாக்கேன். "ஹால் லைட்டைப் போடு." ம்ம். போடலையே. எங்க அக்காளைக் கூப்பிடுவோமா? உங்க அம்மை போடுத சத்தத்துக்கு அடுத்த தெரு லைட்டும் சேந்து எரியும்.

கோவிச்சுக்கிடாத. எனக்கு என்ன தெரியும், போஸ்ட்டு ஏறிக் கம்பி கட்டிக் கஞ்சி குடிச்ச ஆளு. நீ இஞ்சினீயரு. சுவிட்சு கன்ட்ரோலர்கூட சேரலைன்னா இன்னொரு சுவிட்சு வாங்கணும்னு படிச்சிருப்ப. வாங்கியும் வச்சிருக்க போலுக்கே, அட்டைப்பெட்டி குமிஞ்சு கிடக்கு. கடைக்காரனும் பொழைக்கணும்லா.

முதல்ல, உங்க அண்ணன் அமெரிக்காவுல இருந்து கொண்டாந்த சுவிட்சை எடு. முதுகைத் திருப்பிப் படி. என்ன போட்டிருக்கு? 120 வோல்ட்டா? இங்க உள்ளது 230. நல்லவேளை மாட்டலை. மாட்டியிருந்தா வாடையை வச்சே கோளாறைக் கண்டுபிடிச்சிருக்கலாம். அது போகட்டும், பெட்டியில பொடி எழுத்துல இசட்-வேவ்னு போட்டிருக்கு பாரு. அந்த ஊருல அது 908 மெகாஹெர்ட்ஸ்ல பேசும். நம்ம நாட்டுக்கு ஒதுக்கியிருக்கது 865. உன் கன்ட்ரோலரு இங்க வாங்குனது. ரெண்டையும் ஒட்டி உக்காத்தி வச்சுப் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா உன் பெருவிரல்தான் தேயும். அண்ணன் பாசத்துல கொண்டாந்தான், குத்தஞ்சொல்லல. பாசத்துக்கு மெகாஹெர்ட்ஸ் கிடையாதுல்லா.

அடுத்தது, ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டுப் போனவன்கிட்டப் பாதி விலைக்கு வாங்குனது. பாதி விலைன்னதும் ஓடுனியே, அவன் கன்ட்ரோலர்ல இருந்து அத்து விட்டானான்னு கேட்டியா? நம்ம பக்கம் ஒரு பிள்ளைக்கு மறுதாலி கட்டணும்னா முதல்ல பழசை அத்து விடணும். அத்து விடாம நீ பந்தலைப் போட்டு மேளத்தைக் கொட்டுனா எவ வந்து உக்காருவா? இதுவும் அதே கதைதான். பழைய வீட்டு நம்பரு அந்தச் சுவிட்சுக்குள்ள எழுதிக் கிடக்கு. அது அழியாம உன் கன்ட்ரோலரை அது ஏறிட்டும் பாக்காது. கன்ட்ரோலர்ல எக்ஸ்க்ளூஷன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டு. தட்டிட்டுச் சுவிட்சு பட்டனை அமுக்கு. சிலதுக்கு ஒருக்கா போதும், சிலதுக்கு மூணு தடவை சடசடன்னு அமுக்கணும், கூட வந்த தாள்ல போட்டிருக்கும். தாளைத் தொலைச்சிட்டியா? தெரியும். இதுல ஒரு சௌகரியம் என்னன்னா, தாலி கட்டுன ஊர்ப் பஞ்சாயத்துக்கே போகணும்னு இல்ல. எந்தக் கன்ட்ரோலரும் அத்து விடலாம், உன்னதே போதும். அந்த ஆளுக்குப் போனைப் போட்டு அழ வேண்டாம். புதுப்பெட்டி பிரிச்சது மக்கர் பண்ணாலும் முதல்ல இதைச் செஞ்சு பாரு. கம்பெனியில சோதிக்கும்போது எதுலயாவது சேத்துட்டு மறந்திருப்பான்.

சேக்கதுலயும் ஒரு வரிசை உண்டு. மாடி பாத்ரூம்ல உள்ளதை முதல்ல சேக்கப் பாத்தியாமே, உன் பொண்டாட்டி சொன்னா. கன்ட்ரோலருக்குக் கிட்ட உள்ளதுல ஆரம்பி. சேந்த சுவிட்சு அடுத்ததுக்குச் சேதியைக் கடத்தும், அப்படியே படி ஏறலாம். ஆமா, கன்ட்ரோலரை எங்க வச்சிருக்க? இரும்பு பீரோவுக்குப் பின்னாலயா! சுவிட்சோ செவத்துக்குள்ள தகரப் பெட்டியில கிடக்கு. அந்தப் பக்கம் தகரம், இந்தப் பக்கம் பீரோ, நடுவுல ஒம்போது இஞ்சு செவரு. சிக்னலு நீந்தியா வரும்? எடுத்து வெளிய வையி.

இந்தப் பக்கம் உள்ளது வைஃபை சுவிட்சு. அதுல பாதிக்கு மேல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுந்தான் காதுல விழும். உன் ரவுட்டரு 2.4-க்கும் 5-க்கும் ஒரே பேரை வச்சிருக்கும், செல்லு 5-ல போய் நிக்கும், சுவிட்சு எங்கயோ தேடிக்கிட்டு இருக்கும். சேக்க மட்டும் 5-ஐ அணைச்சு வையி. செல்லுல லொக்கேஷனைப் போட்டு விடு. பழைய ஆளு கணக்குலயே கிடக்குதுன்னா, அவனேதான் அவன் செல்லுல இருந்து நீக்கணும். அதுக்கு வேணும்னா போனைப் போட்டு அழு.

இதெல்லாம் செஞ்சும் சேரலையா? அப்போ விசயம் எங்க ஆளுககிட்ட வந்துட்டு. போர்டைக் கழத்திப் பாத்தேன். பாதிப் போர்டுல நியூட்ரலே இல்ல. அந்தக் காலத்துல சுவிட்சுக்குப் பேஸ் வந்தா போதும், நியூட்ரல் நேரா லைட்டுக்குப் போயிரும். உன் சுவிட்சு இருபத்தி நாலு மணி நேரமும் முழிச்சிருக்கணும்லா, அதுக்கு நியூட்ரல் வேணும். ப்ளக் பாயிண்ட் உள்ள போர்டுல கிடைக்கும், அங்கன இருந்து இழு. நியூட்ரல் வேண்டாங்குற சுவிட்சு இருக்குன்னு சொல்லுவான். அது லைட்டு வழியாவே துளித்துளியாக் கரண்டு குடிக்கும். உன் ஒம்போது வாட் எல்.இ.டி. அணைச்ச பிறகும் மினுங்கும், எங்க அக்கா பேய்னு சாமியாடுவா.

சிரிப்பை இத்தோட நிறுத்து. எந்தப் புண்ணியவான் வயரிங் பண்ணுனான்? ஹால் போர்டுல நியூட்ரலுக்குப் பதிலாப் பச்சை ஒயரைச் சொருகியிருக்கான். எர்த்துடே அது! லைட்டு எரியும், சுவிட்சும் கண் சிமிட்டும், அதனால ஒருத்தரும் கண்டுக்கிடல. நாளைக்கு எர்த்துக் கம்பி எங்கயாவது அத்துப் போச்சுன்னா அந்தக் கரண்டு ஃப்ரிட்ஜு மேலயும் வாசிங் மெசின் மேலயும் வந்து நிக்கும். பிள்ளை கைவச்சா என்னத்துக்கு ஆகும்?

எந்திரி. டெஸ்ட் லேம்பையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடு. முதல்ல மெயினை ஆஃப் பண்ணு.

செல்லுல என்ன தேடுத? வாசல்ல, மீட்டருக்குப் பக்கத்துல இருக்கு. கையால இழுக்கணும்.